ஒரு இடைவெளி, ஒரு புள்ளி: சின்னத் திருத்தங்களைப் பரிசோதித்தவர்களின் கதை

திறந்த மூல மென்பொருள் எண்டு கதைக்கத் தொடங்கினாலே பெரிய பெயர்கள்தான் முதலில் வரும். லினக்ஸை யார் எழுதினது, கிட்டை யார் எழுதினது என்று உடனே சொல்லிவிடுவோம். அவர்கள் எழுதியதையும் மற்றவர்கள் அனுப்பியதையும் வரி வரியாக வாசித்து, "இது சரி, சேர்க்கலாம்", "இதைத் திருப்பி எழுதிக்கொண்டு வாங்கோ" என்று சொன்ன ஆட்கள் யாரெண்டு கேட்டால், அனேகமாய் ஒருத்தருக்கும் தெரியாது.

சுன்னாகத்தில் கூடுகிற எங்களில் நாலைந்து பேர் கொஞ்சக் காலமாக ஒரு திறந்த மூலத் திட்டத்துக்கு வரும் சின்னச் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் திருத்தங்களை வாசித்து வருகிறோம். வருவதெல்லாம் பெரிய விசயமில்லை. ஒருவர் இரண்டு மேற்கோள்குறி சேர்த்திருப்பார். இன்னொருவர் ஒரு சமன்குறியை அழித்திருப்பார். சில நாட்களில் ஒரு வெற்றிடம் மட்டும் போயிருக்கும். "உதையும் ஒரு வேலையெண்டு செய்யிறியளோ?" என்று எங்களைக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல ஷெல்லின் ஐம்பது வருடக் கதையைக் கொஞ்சம் பார்க்கவேணும். இடையில், எங்கட ஊரில் அச்சான ஒரு புத்தகத்தின் கதையையும் பார்க்கவேணும்.

சொல் எங்கே முடிகிறது?

நாங்கள் தட்டுகிற கட்டளையை வாங்கி, அதை இயக்குதளத்துக்குப் புரியவைப்பதுதான் ஷெல். யுனிக்ஸின் முதல் ஷெல்லை 1971-இல் கென் தொம்சன் எழுதினார். 1979-இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. நிபந்தனை, சுழற்சி எல்லாம் வைத்து முழு நிரலே எழுதக்கூடியதாக அது இருந்தது. 1989-இல் க்னூ திட்டத்துக்காகப் பிரையன் ஃபொக்ஸ் எழுதிய பாஷ் வெளியானது. இன்றைக்கு லினக்ஸ் கணினி ஒன்றைத் திறந்து கட்டளை தட்டுகிற கனபேர் தட்டுவது இந்தப் பாஷுக்குள்தான்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு குணம் இருக்கிறது: வெற்றிடம் கண்ட இடத்தில் சொல்லைப் பிரித்துவிடும். 'பழைய இதழ்கள்' என்று ஒரு கோப்புறை வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கோ. அந்தப் பெயரை ஒரு மாறியில் போட்டு, மேற்கோள்குறி இல்லாமல் அழிக்கும் கட்டளைக்குக் கொடுத்தால், ஷெல் அதை ஒரு பெயராகப் பார்க்காது. 'பழைய' என்று ஒன்றை அழிக்கப் பார்க்கும். பிறகு 'இதழ்கள்' என்று இன்னொன்றை அழிக்கப் பார்க்கும். அந்தப் பெயர்களில் உங்களிடம் வேறு கோப்புகள் இருந்தால் அவை போய்விடும். நீங்கள் அழிக்க நினைத்தது அப்படியே கிடக்கும். இரண்டு பக்கமும் மேற்கோள்குறி போட்டால் சரி. எங்களுக்கு வருகிற திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு குறிகள்தான்.

வெற்றிடம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாவிட்டாலும் பிழைதான். நிபந்தனை எழுதும்போது வருகிற சதுர அடைப்புக்குறி பார்வைக்கு ஒரு குறி. ஷெல்லுக்கு அது ஒரு கட்டளையின் பெயர். அதனால் அதற்குப் பின்னால் கட்டாயம் வெற்றிடம் வரவேணும். மாறிக்கு மதிப்புக் கொடுக்கிற சமன்குறிக்கு இரண்டு பக்கமும் வெற்றிடம் வரவே கூடாது. படிக்கத் தொடங்குகிற பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுகிற இடம் இது.

ஒரு வெற்றிடம் என்ன செய்யும்?

2011-இல் நடந்தது இது. இரண்டு வகைக் காட்சி அட்டை உள்ள மடிக்கணினிகளில் லினக்ஸைச் சரியாக ஓடவைக்க 'பம்பிள்பீ' என்று ஒரு திறந்த மூலத் திட்டம் இருந்தது. அதை நிறுவும் ஸ்கிரிப்டில், பழைய கோப்பு ஒன்றை அழிக்கிற வரி ஒன்று. அந்தக் கோப்பின் பாதையில், 'யூ.எஸ்.ஆர்' என்ற முதற்பகுதிக்குப் பின்னால் தவறுதலாக ஒரு வெற்றிடம் விழுந்திருந்தது. ஷெல் தன் வழக்கப்படி அதை இரண்டு பெயராகப் பிரித்தது. முதற்பெயர் முழு யூ.எஸ்.ஆர் அடைவு. லினக்ஸ் ஒன்றில் நிரல்களில் பெரும்பகுதி இருப்பது அதற்குள்ளேதான். நிறுவும் வேலைக்கு மேலாளர் அதிகாரம் கொடுத்து ஓடவிட்டவர்களின் கணினியில் அது அப்படியே அழிந்தது.

திருத்தம் என்ன? ஒரு வெற்றிடத்தை எடுத்துவிடுவது. அந்த மாற்றத்தைத் திரையில் பார்த்தால் சிவப்பில் ஒரு வரி, பச்சையில் ஒரு வரி. இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

அடுத்தது 2015 தையில் வெளியே வந்தது. கணினி விளையாட்டுகளுக்கான 'ஸ்டீம்' மென்பொருளின் லினக்ஸ் பதிப்பு. ஸ்டீம் திறந்த மூலம் இல்லை. ஆனால் அதைத் தொடக்கி வைக்கிற ஷெல் ஸ்கிரிப்டை யாரும் திறந்து வாசிக்கலாம். ஸ்டீம் எந்த அடைவில் இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு மாறியில் போட்டுவைக்கும் வரி அதில் இருந்தது. இன்னொரு இடத்தில், அந்த மாறிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் உடுக்குறியும் போட்டு, அதற்குள் இருக்கிற எல்லாவற்றையும் அழி என்ற வரி. அந்த வரிக்கு மேலேயே, 'பயமாக இருக்கிறது' என்ற கருத்தில் ஒரு சொல்லை எழுதியவரே குறிப்பாகப் போட்டிருந்தார்!

ஸ்டீம் அடைவை வேறு இடத்துக்கு மாற்றிய ஒருவருக்கு, முதல் வரியால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போனது. மாறி வெறுமையாகியது. மாறி வெறுமையானால் மிஞ்சுவது சாய்கோடும் உடுக்குறியும் மட்டும். அதன் பொருள், கணினியில் இருக்கிற எல்லாவற்றையும் அழி என்பது. காப்புப்பிரதிக்காகச் செருகியிருந்த வெளி வட்டும் அந்த நேரம் இணைப்பில் இருந்தது. அதிலிருந்தவையும் போயின.

இதைத் தடுக்க நாலெழுத்து அளவு மாற்றம் போதும். மாறியின் பெயரைச் சுற்றி அடைப்புக்குறி போட்டு, உள்ளே ஒரு முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் வைத்தால், 'இது வெறுமையாக இருந்தால் இந்த இடத்திலேயே நில்' என்று ஷெல்லுக்கு அர்த்தம். போர்ன் ஷெல் காலத்திலேயே இருந்த வசதி. 2012-இல் வீடார் ஹோலன் எழுதத் தொடங்கிய 'ஷெல்செக்' என்ற கருவி இன்றைக்கு இப்படியான வரிகளைக் கண்டால் எச்சரிக்கும். ஸ்டீமின் வரியில், எழுதியவருக்கே பயம் இருந்தது. அந்தப் பயத்தை வாசித்து, "அப்ப இதை ஏன் இப்படியே விட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்க ஒரு இரண்டாம் ஆள்தான் தேவைப்பட்டது.

திருமகள் அழுத்தகத்துத் தொல்காப்பியம்

சொல்லை எந்த இடத்தில் பிரிப்பது, ஒரு குறி இருக்கிறதா இல்லையா என்ற இந்தத் தலையிடி கணினியோடு வந்த ஒன்றல்ல. ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் நூல்களைக் கொண்டுவந்தவர்கள் ஒவ்வொரு வரியிலும் இதோடுதான் மல்லுக்கட்டினார்கள். அதில் முக்கியமான ஒரு வேலை சுன்னாகத்திலேயே நடந்தது. எங்கட ஊரைச் சந்தைக்கும் மின்நிலையத்துக்கும் மட்டும் தெரிந்து வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளவேணும்.

பனையோலையில் சொற்களுக்கிடையே இடம் விடமாட்டார்கள். 'பலகை' என்று வந்தால் அது மரப்பலகையா, பல கைகளா என்பது வாசிப்பவரின் பொறுப்பு. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கமும் ஏடுகளில் பெரும்பாலும் இல்லை. எகரத்தின் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டுகிற அடையாளமும் இல்லை. 'எரி' என்றாலும் 'ஏரி' என்றாலும் ஏட்டில் ஒரே எழுத்து. நெருப்பா நீரா என்று இடம் பார்த்துத்தான் முடிவெடுக்கவேணும். காலுக்கும் ரகரத்துக்கும் உருவம் ஒன்று. மெய்யும் குற்றெகரமும் புள்ளி பெறும் என்று விதி சொன்ன தொல்காப்பியமே, புள்ளியில்லாத ஏடுகளில்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது.

தொல்காப்பியத்தின் அச்சு வரலாற்றில் யாழ்ப்பாணத்தாரின் கை நிறைய உண்டு. 1868-இல் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வந்தபோது, பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர், பதிப்பித்தவர் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அந்தக் காலத்துப் புத்தகங்களின் முகப்புப் பக்கத்தை எடுத்துப் பாருங்கோ. 'இன்னாரால் பரிசோதிக்கப்பட்டு, இன்னாரால் பதிப்பிக்கப்பட்டது' என்று இரண்டு வேலையும் இரண்டு பெயராக இருக்கும். பரிசோதித்தவருக்கும் முகப்பில் இடம் உண்டு. நூலை இயற்றியவர் பெயர் போல, வாசித்துப் பிழை பார்த்தவர் பெயரும் வாசகருக்குத் தெரியவேண்டிய தகவல் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

1885-இல் தாமோதரம்பிள்ளை பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையென்று வெளியிட்டார். ஏடு தேடி அலைந்து, செல் அரித்ததையும் முறிந்ததையும் சேர்த்து அவர் செய்த வேலை சாதாரணமானதல்ல. அதன் பின்பகுதி இயல்களில் இருப்பது நச்சினார்க்கினியர் உரை இல்லை, பேராசிரியர் உரை என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரா. இராகவையங்கார் எடுத்துக்காட்டினார். உரையின் வாசகம் அதேதான். மாறியது எழுதியவரின் பெயர் மட்டும். அந்த ஒரு பெயர் மாறியதும் உரையாசிரியர்களின் வரலாற்றையே வேறு மாதிரி வாசிக்கவேண்டி வந்தது.

இந்த வரிசையில்தான் சுன்னாகம் வருகிறது. ஊரில் திருமகள் அழுத்தகத்தை நடத்தியவர் நா. பொன்னையா. 1930-இல் 'ஈழகேசரி' பத்திரிகையைத் தொடங்கியவரும் அவர்தான். அவருடைய பதிப்பாகத் தொல்காப்பியம் முழுவதும், புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த சி. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளோடு பகுதி பகுதியாக வெளிவந்தது. எழுத்ததிகாரம் 1937-இல். சொல்லதிகாரம் 1938-இல். பொருளதிகாரத்தின் பிற்பகுதி பேராசிரியர் உரையோடு 1943-இல். முற்பகுதி நச்சினார்க்கினியர் உரையோடு 1948-இல். முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையில் பதினொரு வருடம். நடுவில் ஒரு உலகயுத்தமும் போய்விட்டது.

கணேசையர், சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவரிடம் பாடம் கேட்டவர். புலவரும் பழைய நூல்களைப் பரிசோதிப்பதிலும் உரை செய்வதிலும் காலத்தைச் செலவழித்தவர். ஐயரின் பதிப்பை நாங்கள் புரட்டும்போது எங்களை நிறுத்துவது அவருடைய நிதானம். மூலம் ஒரு பக்கம், உரை ஒரு பக்கம், தன் குறிப்பு தனியாக. உரையாசிரியர் சொல்வது எது, தான் சொல்வது எது என்று வாசிப்பவர் பிரித்தறியலாம். ஐயர் சொல்வது பிழையென்று நினைக்கிற ஒருவர், அவருடைய குறிப்பைத் தள்ளிவைத்துவிட்டு உரைக்குத் திரும்பிப் போகலாம். மாற்றம் எது, அதைச் செய்தவர் யார், ஏன் செய்தார் என்ற மூன்றும் மறையாமல் இருக்கிறது.

வேறுபாட்டை மட்டும் காட்டு

மென்பொருள் உலகமும் மெல்ல மெல்ல இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. இரண்டு கோப்புகளுக்கிடையில் எந்த வரி மாறியிருக்கிறது என்று மட்டும் காட்டுகிற 'டிஃப்' என்ற கருவியை டக்ளஸ் மக்கில்ரோயும் ஜேம்ஸ் ஹண்டும் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். 1974-இல் யுனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு அது வந்தது. 1985-இல் லாரி வோல் 'பேட்ச்' எழுதினார். இப்போது முழுக் கோப்பையும் அனுப்பத் தேவையில்லை. மாறிய வரிகளை மட்டும் ஒருவர் அனுப்ப, மற்றவர் அதைத் தன் பிரதியில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டுவதற்கு முன் வாசிக்கலாம் என்பதுதான் இதில் முக்கியம். லினக்ஸ் கருநிரலில் இன்றைக்கு ஒரு மாற்றம் உள்ளே போகும்போது, எழுதியவர் பெயரோடு 'பரிசோதித்தவர்' என்று ஒரு வரியும் சேர்ந்து போகலாம். நாவலர் காலத்து முகப்புப் பக்கத்தின் அதே இரண்டு பெயர்.

சின்ன ஷெல் திருத்தங்கள் வெள்ளமாக வந்த ஒரு காலம் உண்டு. 2006 ஒக்ரோபரில் வந்த உபுண்டு 6.10 பதிப்பில், கணினி தன் உள்வேலைகளுக்குப் பயன்படுத்தும் ஷெல்லைப் பாஷிலிருந்து 'டாஷ்' என்ற சின்ன, வேகமான ஷெல்லுக்கு மாற்றினார்கள். டெபியனும் பிறகு அதே வழியில் போனது. டாஷ் பொது நியமத்தில் உள்ளதை மட்டும் ஏற்கும். பாஷ் செல்லமாகப் பழக்கிவிட்டிருந்த எத்தனையோ வழக்கங்களை அது ஏற்காது. ஒப்பிடுவதற்கு இரண்டு சமன்குறி போட்டால் டாஷுக்குப் பிழை. ஒன்றுதான் போடவேணும். இன்னொரு கோப்பை உள்ளே சேர்க்கப் பாஷில் ஒரு முழுச் சொல் எழுதலாம். பொது நியமத்தில் அதற்குரிய கட்டளை ஒரு தனிப் புள்ளி, அவ்வளவுதான். பாஷுக்கென்றே எழுதிவிட்டு, தலைவரியில் மட்டும் பொது ஷெல் என்று போட்டிருந்த ஸ்கிரிப்டுகள் ஒவ்வொன்றாக உடைந்தன. அவற்றைக் கண்டுபிடிக்க டெபியனில் தனிக் கருவியே வைத்திருக்கிறார்கள். திருத்தியவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத ஆட்கள். ஒரு திருத்தம் ஒரு எழுத்து. அதை வாசித்து ஏற்க ஒரு ஆள்.

அந்த ஆளின் வேலை எவ்வளவு நுணுக்கம் என்பதற்குக் கிட் திட்டத்தின் சோதனை ஸ்கிரிப்டுகள் நல்ல உதாரணம். 2005 சித்திரையில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டைத் தொடங்கினார். சில மாதங்களிலேயே ஜூனியோ ஹமானோ அதன் பராமரிப்பை ஏற்றார். கிட்டின் கட்டளைகள் பல ஆரம்பத்தில் ஷெல் ஸ்கிரிப்டுகள். அவற்றில் பெரும்பாலானவை பின்னர் சி மொழிக்கு மாறின. சோதனைகளில் பெரும்பாலானவை இன்னும் ஷெல்லில்தான் இருக்கின்றன. கூகிளின் கோடைகாலத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிற மாணவர்களைக் கிட் குழு முதலில் ஒரு சின்னத் திருத்தம் செய்துகொண்டு வரச் சொல்லும். அப்படிச் செய்யச் சொல்லும் வேலைகளில் ஒன்று இது: கிட்டின் வெளியீட்டைக் குழாய்க்குறி போட்டு நேரே இன்னொரு கட்டளைக்கு அனுப்பும் வரிகளைக் கண்டுபிடித்து மாற்றுவது.

ஏன் மாற்றவேணும்? குழாயில் கடைசிக் கட்டளை வென்றதா தோற்றதா என்பதைத்தான் ஷெல் வழக்கமாகக் கணக்கெடுக்கும். முதலில் ஓடிய கிட், சரியான சொல்லை அச்சிட்டுவிட்டு அடுத்த நொடி நொறுங்கி விழுந்தாலும், அந்தச் சொல்லைத் தேடிய கட்டளை வென்றுவிடும். சோதனை 'சித்தி' என்று வரும். கிட் செத்துக்கிடக்கும். இதேபோல, இரண்டு வரிகளைக் கோக்கிற && குறி ஒரு வரியின் முடிவில் விடுபட்டால், அதற்கு மேலே நடந்த தோல்விகள் எல்லாம் சத்தமில்லாமல் மறைந்துபோகும். சோதனையே பொய் சொல்லத் தொடங்கினால் பிறகு எதை நம்புவது?

கூகிளின் அந்தத் திட்டம் 2005-இல் தொடங்கியது. முதல் பத்து வருடக் கணக்கில் உலகிலேயே அதிக மாணவர்களை அதில் சேர்த்த பல்கலைக்கழகம் எங்கட நாட்டின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். இதை நாங்கள் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேணும். அந்த மாணவர்கள் அனுப்பிய முதல் திருத்தங்களை எங்கோ ஒரு நாட்டிலிருந்து பொறுமையாக வாசித்துத் திருப்பி அனுப்பியவர்கள் இருந்தார்கள். அவர்களும் இந்தப் பெருமையில் பங்காளர்கள்.

திருத்தத்துக்குத் திருத்தம்

சின்னத் திருத்தம் எப்போதும் நல்லதுதானே என்று நினைக்கவேண்டாம். 2014 புரட்டாதி 24 அன்று பாஷில் ஒரு பாரதூரமான ஓட்டை பகிரங்கமானது. கண்டுபிடித்தவர் ஸ்டெஃபான் ஷசலாஸ். அதற்கு 'ஷெல்ஷொக்' என்று பெயர் வைத்தார்கள். சூழல் மாறி ஒன்றுக்குள் செயற்கூறு ஒன்றை வைத்து அனுப்பலாம் என்ற வசதி 1989-லிருந்தே பாஷில் இருந்தது. அந்தச் செயற்கூறு முடிந்த பிறகும் பாஷ் வாசிப்பதை நிறுத்தாமல், பின்னால் ஒட்டியிருக்கும் கட்டளையையும் ஓட்டிவிடும். இணையத்தில் வந்த கோரிக்கையொன்றின் தலைப்புக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பி, பல சேவையகங்களில் அதை ஓடவைக்க முடிந்தது. இருபத்தைந்து வருடம் எல்லாருடைய கண்ணுக்கு முன்னாலும் கிடந்த வரிகள் அவை.

பாஷைப் பராமரிக்கும் செட் ரேமி திருத்தம் வெளியிட்டார். அது போதாது என்று உடனடியாகவே டாவிஸ் ஓர்மண்டி காட்டினார். அடுத்த சில நாட்களில் திருத்தத்துக்கு மேல் திருத்தம். கடைசியில் ஃபுளோரியன் வைமர் முன்வைத்த வழிதான் நிலைமையை ஆறுதலாக்கியது: செயற்கூறு அனுப்பும் மாறிகளின் பெயருக்கு முன்னும் பின்னும் தனி அடையாளம் போடவேணும், வேறெந்த மாறியையும் பாஷ் செயற்கூறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் திருத்தங்கள் வாசிக்கும் பகுதியில் ஓட்டையை அடைத்தன. வைமர், வெளியிலிருந்து வரும் எதையும் பாஷ் ஏன் இப்படி வாசிக்கவேணும் என்று கேட்டார்.

எங்களுக்கு வரும் மேற்கோள்குறித் திருத்தங்களிலும் இதே சிக்கல் சின்ன அளவில் உண்டு. ஷெல்செக் எச்சரித்தது என்று எல்லா மாறிக்கும் மேற்கோள்குறி போட்டு அனுப்புவார்கள். பெரும்பாலும் சரி. சில இடங்களில் ஒரே மாறிக்குள் இரண்டு மூன்று தெரிவுகளை வேண்டுமென்றே வெற்றிடம் விட்டு வைத்திருப்பார்கள். ஷெல் அதைப் பிரிக்கவேணும் என்பதுதான் எழுதியவரின் எண்ணம். அங்கே மேற்கோள்குறி போட்டால் ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் நின்றுவிடும். பழைய செய்யுளில் தனக்கு விளங்காத சொல்லைப் பிழையென்று எண்ணி, தெரிந்த சொல்லாக மாற்றிவிட்ட பதிப்பாளரைப் போன்றது இது.

அந்தப் புள்ளி

இதுவரை சொன்னதெல்லாம் கவனக்குறைவின் கதை. 2024-இல் நடந்தது வேறு.

'எக்ஸ்-இசட்' என்பது கோப்புகளைச் சுருக்குகிற ஒரு கருவி. அனேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பல வருடமாகப் பராமரித்து வந்தவர் லாசே கொலின் என்ற ஒருவர். சம்பளமில்லை, ஓய்வுநேர வேலை. 2021-இன் பிற்பகுதியில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்ன உதவிகள் செய்யத் தொடங்கினார். 2022-இல், வேறு சில பெயர்களில் வந்தவர்கள் கொலினை நெருக்கினார்கள். வேலை மெதுவாகப் போகிறது, இன்னொருவருக்குப் பொறுப்பைக் கொடுங்கள் என்று. தன் மனநலம் கொஞ்சக் காலமாகச் சரியில்லை என்று கொலின் அப்போது வெளிப்படையாகவே எழுதியிருந்தார். பொறுப்புக் கொஞ்சம் கொஞ்சமாக ஜியா டானிடம் போனது.

2024 மாசியில், லினக்ஸின் ஒரு பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று சோதிக்கும் பகுதிக்குள் ஒரு மாற்றம் வந்தது. அதில் தனி வரியொன்றில், ஓரத்தில், ஒரு புள்ளி மட்டும் கிடந்தது. அந்தப் புள்ளியால் அந்தச் சோதனை எந்தக் கணினியிலும் வெல்லாது. சோதனை தோற்றால் அந்தப் பாதுகாப்பு இல்லாமலே மென்பொருள் கட்டப்படும். திரையில் தூசி விழுந்தது போல இருக்கும், அவ்வளவுதான்.

பெரிய வேலை வேறிடத்தில் நடந்தது. சோதனைக்கான மாதிரிக் கோப்புகள் என்ற பெயரில் உள்ளே வைத்த இரண்டு கோப்புகளுக்குள் நிரல் ஒளிந்திருந்தது. அதைப் பிரித்தெடுத்துக் கட்டும்போது சொருகும் ஷெல் வரிகள், எல்லாரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிக்கொடுத்த பொதிக்குள் மட்டும் இருந்தன. பரிசோதித்தவர்கள் பார்த்த பிரதி ஒன்று, கணினிகளுக்குப் போன பிரதி இன்னொன்று. தூரத்துக் கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்.எஸ்.எச் சேவையில் கள்ளவாசல் திறப்பதுதான் நோக்கம்.

பிடித்தவர் அந்திரேஸ் ஃபிராயின்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். எஸ்.எஸ்.எச் நுழைவு ஏறக்குறைய அரைநொடி தாமதமாகிறது என்று அவருக்குப் பட்டது. அரைநொடியை எத்தனை பேர் கவனிப்போம்? அவர் அதன் பின்னால் போனார். 2024 பங்குனி 29 அன்று எல்லாவற்றையும் பகிரங்கமாக எழுதினார். பிரதான லினக்ஸ் வெளியீடுகளின் நிலையான பதிப்புகளுக்குப் போய்ச்சேர முன்னமே தடுத்தாகிவிட்டது. அந்தப் புள்ளியைக் கொலினே பிறகு அழித்தார். ஒரு எழுத்துத் திருத்தம்.

என்ன செய்யலாம்

எக்ஸ்-இசட் கதையைக் கேட்டதும் "இனி வெளியாட்களை நம்பவே கூடாது" என்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் புள்ளி உள்ளே போன நாளில் பக்கத்தில் இன்னொரு கண் இல்லை என்பதுதான் பிரச்சினை. களைத்துப்போன ஒரு மனிதர் தனியாக இருந்தார். அவருக்கு உதவிக்கு வந்தவர் ஒரே ஒருவர், அவரும் கள்ளன்.

அந்தக் களைப்பைக் கூட்டுகிற வேலையையும் நல்லெண்ணத்தோடே செய்துவிடலாம். 2020 ஒக்ரோபரில், நாலு திருத்தம் அனுப்பினால் ஒரு ரீசேர்ட் என்று ஒரு நிகழ்வு நடந்தது. ரீசேர்ட்டுக்காக, விளக்கக் கோப்பில் ஒரு தேவையில்லாத சொல்லைச் சேர்த்து அனுப்பியவர்கள் ஆயிரக்கணக்கு. பராமரிப்பாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாக மூடவேண்டி வந்தது. நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்றினார்கள். இப்போது நிரலெழுதும் இயந்திரங்களும் வந்துவிட்டன. சின்னத் திருத்தம் ஒன்றை உருவாக்க ஒரு நிமிடம் போதும். அதை வாசித்து விளங்க எடுக்கும் நேரம் குறையவில்லை.

யாழ்ப்பாணத்தில் கணினி படிக்கிற தம்பி தங்கைகளுக்கு எல்லாரும் சொல்வது, "திறந்த மூலத்துக்கு ஏதாவது அனுப்பு, வேலைக்குப் போகேக்க உதவும்" என்பது. நாங்கள் இதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறோம். முதலில் ஒரு திருத்தத்தை வாசியுங்கோ. வேறு யாரோ அனுப்பி, ஒருவரும் பார்க்காமல் கிடக்கிற ஒன்றை எடுங்கோ. உங்கள் கணினியில் ஒட்டி ஓட்டிப் பாருங்கோ. பெயரில் வெற்றிடம் உள்ள கோப்பைக் கொடுத்துப் பாருங்கோ, வெறும் மாறியைக் கொடுத்துப் பாருங்கோ, டாஷில் ஓடுகிறதா என்று பாருங்கோ. மாற்றத்துக்குச் சொன்ன காரணம் மாற்றத்தோடு பொருந்துகிறதா? முன்பு எழுதியவர் அப்படி எழுத ஏதும் காரணம் இருந்ததா? கண்டதை இரண்டு வரியில் மரியாதையாக எழுதுங்கோ. "ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்பதும் பராமரிப்பாளருக்குப் பெரிய ஆறுதல்.

இதற்கு ரீசேர்ட் கிடைக்காது. வேகமான இணைப்புக்கூடத் தேவையில்லை. பத்து வரி மாற்றத்தை இறக்கிவைத்துக்கொண்டு, கரண்ட் இல்லாத நேரத்திலும் வாசிக்கலாம். திட்டங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்று உண்டு: வாசித்தவர் பெயரையும் மாற்றத்தோடு சேர்த்து எழுதுங்கள். இந்த மண்ணில் 'பரிசோதித்தவர்' என்று முகப்பிலேயே பெயர் போட்டிருக்கிறார்கள்.